ஒட்டு வைத்த சிரிப்பு

கீழே விழுந்த ஒரு பெண்ணை நான் இரண்டு வீடியோ டெக்குகளை வைத்து எழுப்பி உட்கார வைத்தேன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மாடியில், திரையை இழுத்துவிட்டு, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து செய்த வேலை அது. அவர் உண்மையில் எழுந்தாரா, எழுந்தார் என்றால் எப்போது எழுந்தார் என்பது எனக்குத் தெரியாது. தெரியாமலேயே ஏழெட்டு மாதம் ஊர் முழுக்க அவரை விழவைத்துச் சிரிக்கவைத்துக் காட்டிக்கொண்டிருந்தேன். இதை எழுத வேண்டும் என்று பல முறை உட்கார்ந்து, ஒவ்வொரு முறையும் எழுந்து போயிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்தாறு, இருபத்தேழு வயது. சனி, ஞாயிறுகளில் கல்யாண மண்டபங்களில் தோளில் கேமராவைச் சுமந்துகொண்டு நிற்பேன். மற்ற நாள்களில் மாடி அறையில் உட்கார்ந்து, எடுத்ததை வெட்டி ஒட்டி மூன்று மணி நேரக் கேசட்டாக ஆக்குவேன். ஒரு டெக்கில் கேமராவில் எடுத்த மாஸ்டர் கேசட் ஓடும், இன்னொரு டெக்கில் பதிவாகும். தேவையில்லாத இடம் வந்ததும் நிறுத்தி, ஓட்டி, மறுபடி தொடங்க வேண்டும். அரை விநாடி பிசகினாலும் திரையில் கோடு விழும். எனக்கு அந்தக் கோடு விழாது என்பதில் கொஞ்சம் திமிர் உண்டு.

ஸ்டூடியோ முதலாளியை நான் அண்ணே என்று கூப்பிடுவேன். அவருக்கு ஒரே ஒரு சட்டம்தான். "கல்யாண கேசட்டுல கொட்டாவிகூட இருக்கக் கூடாது. அவங்க பேரப்பிள்ளைங்க பாக்குற சாமான் லா அது." அதனால் எல்லாக் கொட்டாவிகளையும் எடுத்துவிடுவேன். மாப்பிள்ளையின் மாலை பெண்ணின் சவுரியில் மாட்டி, முடியோடு சேர்ந்து கையோடு வந்த இடம். லட்டுத் தட்டோடு கண்ணாடிக் கதவில் மோதிய பெரியவர். மேடையில் உருக்கமாகப் பாடிக்கொண்டே மைக் வயரில் சுற்றிக்கொண்ட ஆள். முன்வரிசையில் தூங்கி, தெரியாத ஒருவரின் தோளில் மெல்ல மெல்லச் சரிந்த மாமா. வெட்டியதை வீசி எறிய மனம் வரவில்லை. ஒரு தனிக் கேசட்டில் சேர்த்துக்கொண்டே வந்தேன். அதன் முதுகில் நீல மையால் 'சிரிப்பு' என்று எழுதி வைத்திருந்தேன்.

ஆரம்பத்தில் அதை நானும் அண்ணனும் மட்டும்தான் பார்த்தோம். பிறகு கேசட் வாங்க வந்து காத்திருப்பவர்களுக்குப் போட்டுக் காட்டினோம். அப்புறம் அதைப் பார்ப்பதற்கென்றே ஆள் வரத் தொடங்கியது. அப்போது டிவியிலும் வெள்ளைக்காரர்கள் வீட்டுக் கொல்லையில் வழுக்கி விழுவதைத் தொகுத்துக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று வந்துகொண்டிருந்தது. எங்கள் கேசட் அதைவிட நன்றாக இருக்கிறது என்று சொன்னவர்கள் உண்டு. வேட்டி கட்டியவர் விழுந்தால் அதற்கு ஈடு இல்லை என்பார் அண்ணன்.

நான் திரையைப் பார்ப்பதைவிடப் பார்ப்பவர்களைத்தான் அதிகம் பார்த்தேன். நூறு தடவை பார்த்த காட்சியில் எனக்கு என்ன இருக்கிறது? ஒருவர் விழுந்ததும் யாரும் உடனே சிரிப்பதில்லை. முதலில் மூச்சை உள்ளே இழுப்பார்கள். பெண்கள் என்றால் கை வாய்க்குப் போகும். விழுந்தவர் புடவையை உதறிக்கொண்டோ வேட்டியைப் பிடித்துக்கொண்டோ எழுந்து நின்ற பிறகுதான் அந்த மூச்சு சிரிப்பாக வெளியே வரும். "ஐயோ பாவம்" என்பார்கள். உடனே, "இன்னொரு தடவ போடுங்க" என்பார்கள். அந்தப் பாவத்தையும் இன்னொரு தடவையையும் ஒரே வாயிலிருந்து கேட்கும்போது எனக்கு எரிச்சலாக வரும். ஆனாலும் ரீவைண்ட் பட்டனை அழுத்தியது என் விரல்தான்.

ஆக, சிரிப்புக்கு அனுமதி தருவது எழுந்திருப்பதுதான் என்று நான் கண்டுபிடித்து வைத்திருந்தேன். அதனால் ஒவ்வொரு துண்டையும் ஆள் எழுந்த பிறகே வெட்டுவேன். எழுந்து, சுற்றிலும் பார்த்து, யாரும் பார்க்கவில்லையே என்று சமாளிக்கும் அந்த முகம் கண்டிப்பாக இருக்க வேண்டும். தொழில் ரகசியம் மாதிரி அதைப் பெருமையாக வைத்திருந்தேன்.

கிள்ளானில் ஒரு கல்யாணம். மண்டபம் நிறைந்து, பின்னால் நிற்கவும் இடம் இல்லை. தாலித் தட்டைக் கூட்டத்துக்குள் கொண்டுபோய் எல்லாரிடமும் ஆசி வாங்கிக்கொண்டு வரும்போது, அட்சதையோடு நிற்கும் கூட்டத்தை ஒரு சுற்று எடுத்துவிட்டு மணவறைக்குத் திரும்புவது என் வழக்கம். அன்றும் அப்படித்தான், நடுவழியில் நாலைந்து வரிசை பின்னால் நின்று கேமராவை மெல்லத் திருப்பினேன். இடது பக்கம் மூன்றாவது வரிசைக்குப் பின்னால், அரக்குச் சேலையில் பச்சைக் கரை போட்ட ஒரு பெண்மணி பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். தாலி கட்டுவதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை. எனக்கு முதுகுதான் தெரிந்தது. நாற்காலியின் பின்கால் ஒன்று மடங்கியது. கையில் இருந்த அட்சதை மஞ்சளாக மேலே பறக்க, அவர் பின்பக்கமாக மறைந்துபோனார்.

அதே நொடியில் குருக்கள் கையைத் தூக்கினார். கெட்டிமேளம் வெடித்தது. தும்மல், அழுகை, அபசகுனமாக எந்தச் சத்தமும் காதில் விழக் கூடாது என்பதற்காகத்தானே அது. அவர் கத்தினாரா என்று எனக்குத் தெரியாது. கத்தியிருந்தாலும் நாதஸ்வரமும் தவிலும் அதைச் சாப்பிட்டிருக்கும். நான் கேமராவை மணவறைக்குத் திருப்பிவிட்டேன். தாலி கட்டும் காட்சி போய்விட்டால் மறுபடி கட்டச் சொல்ல முடியாது. முதல் முடிச்சு எனக்குக் கிடைத்தது. திருப்பும்போது சிரித்தேன் என்பதும் உண்மை. அது தானாக வந்த சிரிப்பு. கேமரா மைக் வாய்க்குப் பக்கத்திலேயே இருப்பதால் அதுவும் பதிவாகிவிட்டது.

மூன்று முடிச்சும் முடிந்த பிறகு ஒரு முறை அந்தப் பக்கம் பார்த்தேன். அங்கே ஒரு சின்னக் கூட்டம் நின்றது. பிறகு யாரோ நாற்காலியை நிமிர்த்தி ஓரமாக வைத்தார்கள். எழுந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பத்தடி நடந்து போய்ப் பார்த்திருக்கலாம். போகவில்லை. ஆசீர்வாதம் வாங்கும் வரிசை தொடங்கிவிட்டது, அப்புறம் பந்தி.

அடுத்த வாரம் அந்தத் துண்டை வெட்டி 'சிரிப்பு' கேசட்டில் சேர்த்தேன். காத்திருந்த இரண்டு பேருக்குப் போட்டேன். அவர்கள் மூச்சை உள்ளே இழுத்தார்கள். மூச்சு அங்கேயே நின்றது. படம் மணவறைக்குத் தாவியது.

"அவங்க ஏந்திரிச்சாங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

"ஏந்திரிச்சிருப்பாங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. மற்றவரும் சிரிக்கவில்லை. அடுத்து வந்தவர்களும் அதையே கேட்டார்கள். ஒரு பெண் எழுந்து கீழே போயே விட்டாள். கேசட்டின் மிக நல்ல விழுகை அது. அட்சதை பறந்த அழகுக்கே அதை வைக்கலாம். அது வீணாகப் போவது எனக்குப் பொறுக்கவில்லை.

மாஸ்டரை ஓட்டிப் பார்த்தேன். பந்தி எடுத்த இடத்தில் அதே அரக்குச் சேலை, அதே பச்சைக் கரை. ஒரு பெண்மணி கேமராவைப் பார்த்து வாய் நிறையச் சிரிக்கிறார். பந்தியில் நான் எப்போதும் முகத்தில் தொடங்கி மெல்ல இலைக்கு இறங்குவேன். இறங்குவதற்கு முன் வெட்டினால் அது வெறும் சிரித்த முகம்தான். எங்கே உட்கார்ந்திருக்கிறார், எப்போது என்று யாருக்கும் தெரியாது. அதை விழுகைக்குப் பின்னால் ஒட்டினேன். கோடு விழவில்லை.

இவர்தான் விழுந்தவரா? முதுகை மட்டும் பார்த்தவனுக்கு எப்படித் தெரியும்? கல்யாண வீட்டில் கூடப்பிறந்த பெண்கள் எல்லாருக்கும் ஒரே கடையில் ஒரே கலரில் சேலை எடுப்பார்கள் என்பது எனக்குத் தெரியாதா என்ன. வாராவாரம் பார்க்கிறேன். ஒரே சேலையில் நான்கு அக்கா தங்கைகளை வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுத்திருக்கிறேன். அன்று அது நினைவுக்கு வரவில்லை. வராமல் நான் பார்த்துக்கொண்டேன் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

அன்று மாலை போட்டுக் காட்டினேன். மூச்சு, மஞ்சள் அரிசி, சிரித்த முகம். அறையே அதிர்ந்தது. "ஆ, ஏந்திரிச்சிட்டாங்க" என்று ஒருவர் நிம்மதியாகச் சொல்லிவிட்டு எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார். இன்னொரு தடவை, இன்னொரு தடவை. அண்ணன் என் முதுகில் தட்டினார். நான் மட்டும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு நிம்மதி இல்லை. கேசட்டை ஒருவர் இரவல் கேட்டார், அண்ணன் காப்பி போட்டுக் கொடுத்தார். அந்தக் காப்பிக்கு ஒரு காப்பி போயிற்று. கேரி தீவில் ஒரு எஸ்டேட் வீட்டில் பார்த்ததாக ஒருவர் வந்து சொன்னார். சாலாக் செலாத்தானில் பிறந்தநாள் விருந்தில் போட்டார்களாம். எல்லாரும் சொல்வது அந்த அரக்குச் சேலையைப் பற்றித்தான். "செம்ம விழுகை லா அது." நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பேன். உள்ளே ஒரே கேள்விதான். ஏந்திரிச்சாங்களா?

மண்டபங்களில் என் கண் மணவறையில் நிற்கவில்லை. நாற்காலி மேல் யாராவது ஏறினால் கேமரா தானாக அங்கே திரும்பும். கூட்டத்தை எடுக்கும்போது முதுகு முதுகாகத் தேடினேன். அந்த முதுகை எங்கேயாவது ஒரு முறை நிமிர்ந்து நிற்கப் பார்த்துவிட்டால் போதும் என்று இருந்தது. ஒரு நாள் தாலி கட்டும் நேரத்தில் கேமரா ஆடிப்போய், அண்ணனிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"அந்தத் துண்டை எடுத்துடலாமாண்ணே?" என்று கேட்டேன்.

"எதுக்கு?"

"அவங்களுக்கு என்ன ஆச்சோ."

"ஒண்ணும் ஆயிருக்காது. ஆயிருந்தா வந்து கேட்டிருக்க மாட்டாங்களா? விடு லா."

கேட்க ஆள் வந்தது. ஏழெட்டு மாதம் கழித்து, அந்தக் கல்யாணத்துப் பெண்ணே மாடியேறி வந்தாள். மாமியார் வீட்டுக்கு இன்னொரு காப்பி வேண்டும் என்று தன் கேசட்டைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். அப்போது டிவியில் 'சிரிப்பு' ஓடிக்கொண்டிருந்தது. லட்டுப் பெரியவர் முடிந்தால் அடுத்தது அரக்குச் சேலைதான். நான் பாய்ந்து போய் நிறுத்தினேன்.

"எதுக்கு நிப்பாட்டுறீங்க, ஓடட்டும். எங்க வீட்டுல எல்லாரும் பாத்தாச்சு" என்றாள்.

உட்காரச் சொன்னேன். அவள் உட்காரவில்லை.

"விழுந்தது எங்க பெரியம்மா. எங்கம்மாவுக்கு அக்கா. இடுப்பு எலும்பு ஒடஞ்சு போச்சு. கல்யாணம் கெட்டுடக் கூடாதுன்னு ரெண்டு பேரு கைத்தாங்கலா சைட் கதவு வழியா கூட்டிட்டுப் போய் கார்ல ஏத்துனாங்களாம். எனக்கே மறுநாள்தான் தெரியும்."

"இப்ப நடக்கிறாங்களா?" என்று கேட்டேன்.

"கம்பிய புடிச்சிக்கிட்டு வீட்டுக்குள்ள நடக்கிறாங்க. அத விடுங்க. அந்தக் கேசட்டுல சிரிக்கிறாங்கல்ல, அது எங்க சித்தி. கடைசி தங்கச்சி. அக்கா விழுந்தத பாத்து பல்ல காட்டிக்கிட்டு சிரிக்கிறான்னு பெரியம்மா பேச்ச நிப்பாட்டிட்டாங்க. சித்தி அழுறாங்க. நான் அங்கயே இல்ல, நான் சிரிக்கவே இல்லன்னு. கேசட்டுல இருக்கேன்னு எல்லாரும் கேக்குறாங்க. கேமரா என்ன பொய்யா சொல்லும்?"

அக்கா தங்கை என்றால் அப்படி ஒரு அக்கா தங்கையாம். அம்மா இறந்த பிறகு கடைக்குட்டியை மூத்தவர்தான் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பினாராம். தைப்பூசத்துக்கு வருடா வருடம் இருவரும் சேர்ந்துதான் பத்துமலைக்குப் போவார்களாம். இந்த வருடம் போகவில்லை.

நான் அவளிடம் உண்மையைச் சொன்னேன். ஒட்டியது நான்தான், அந்தச் சிரிப்பு பந்தியில் எடுத்தது என்றேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப நீங்களே வந்து பெரியம்மாகிட்ட சொல்லுங்க. நான் சொன்னா சித்திக்குப் பரிஞ்சு பேசுறேம்பாங்க."

மாஸ்டரை அதற்குள் வேறு கல்யாணத்துக்குப் பயன்படுத்தி அழித்திருந்தோம். ஆனால் அவள் கொண்டுவந்த கேசட்டில் பந்தி முழுதாக இருந்தது. அதைப் போட்டுக் காட்டினால் சித்தி சிரித்தது எங்கே என்று தெளிவாகிவிடும். விலாசம் எழுதிக் கொடுத்தாள். மறுநாள் காலை கிள்ளான் பஸ்ஸில் ஏறினேன், மடியில் கேசட்டோடு.

வழியெல்லாம் பேச வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். மன்னிப்பை முதலில் கேட்பதா, கேசட்டை முதலில் போடுவதா? அவர் மகன் வீட்டில் இருந்து அடித்தால் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்தேன். பயத்துக்கு அடியில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது, அதையும் மறைக்க வேண்டியதில்லை. இரண்டு பேரைச் சேர்த்துவைக்கப் போகிறேன் அல்லவா. செய்த தப்பைத் திருத்துகிறவன் என்ற நினைப்பு கிள்ளான் வரை என்னைத் தூக்கிக்கொண்டு போயிற்று.

தாமான் என்று சொல்லும் குடியிருப்பு ஒன்றில் வரிசை வீடு. மகன் வேலைக்குப் போயிருந்தார். கம்பிக் கதவு பூட்டாமல் இருந்தது. "உள்ள வாங்க தம்பி, என்னால வந்து தொறக்க நேரமாகும்" என்று குரல் வந்தது. பெரியம்மா கைவைத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், பிடித்து நடக்கும் நான்கு கால் கம்பி. முகத்தை அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன். தங்கையின் சாயல் இருந்தது, ஆனால் இது வேறு முகம். முன்பே ஒரு முறை பார்த்திருந்தால் நான் தப்பு செய்திருக்க முடியாது.

எல்லாவற்றையும் சொன்னேன். குளறினேன்.

"ஒட்டு வெச்சீங்களா? அப்படி வைக்க முடியுமா?" என்று மட்டும் கேட்டார்.

"முடியும் ஆன்டி. அத காட்டத்தான் வந்தேன்."

"நானும் அத பாத்து சிரிச்சேன், தெரியுமா?" என்றார். "மகன்தான் கொண்டாந்து போட்டான். அரிசி பறந்தப்ப சிரிப்பு வந்துருச்சு. யாருக்குத்தான் வராது. அப்புறம் இவ மூஞ்சி வந்துச்சு. அதோட போச்சு எல்லாம்." பிறகு, "ஆனா போன மாசம் ஆளு விட்டுச் சொல்லியிருந்தா. சிரிக்கலக்கா, ஒனக்கு அடிபட்டுச்சுன்னு கேட்டதும் அன்னிக்கு ஒரு வாய் சோறு எறங்கல, கார் பின்னாடியே ஓடி வந்தேன், ஏத்திட்டுப் போயிட்டாங்கன்னு. நானும் சரி பேசுவோம்னுதான் நெனச்சுக்கிட்டு இருக்கேன்" என்றார்.

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். கேசட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும். எனக்கு என் நிரூபணம்தான் பெரிதாக இருந்தது. அவர் வீட்டு டெக்கில் கேசட்டைத் தள்ளி, பந்திக்கு ஓட்டினேன்.

சித்தியின் முகம் வந்தது. அதே சிரிப்பு. "பாருங்க ஆன்டி, இதுதான்" என்றேன். கேமரா மெல்ல இறங்கியது. அரக்குச் சேலையின் தோள், பச்சைக் கரை, கை, பிறகு இலை. இலையில் பாதி காலியாகிவிட்டிருந்தது. பாயசத்தை வழித்துக்கொண்டிருந்த விரல்களை நான் அன்று ரசித்து நெருக்கமாக எடுத்திருந்தேன். பக்கத்தில் இருந்தவரிடம் அவர் ஏதோ சொல்லி மறுபடி சிரிக்கிறார். நான் போட்டிருந்த பின்னணி இசையில் என்ன சொன்னார் என்பது கேட்கவில்லை.

பெரியம்மா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நிறுத்தப் பாய்ந்தேன்.

"இருக்கட்டும்" என்றார். இலை மறைந்து, அடுத்த இலைக்குக் கேமரா போகும் வரை பார்த்தார். பிறகு, "எனக்கு எக்ஸ்ரே எடுத்துக்கிட்டு இருந்திருப்பாங்க அப்ப" என்றார்.

"அவங்களுக்கு அப்ப விஷயமே தெரிஞ்சிருக்காது ஆன்டி. யாருக்கும் சொல்லலன்னு பொண்ணு சொல்லுச்சு."

"கார் பின்னாடியே ஓடி வந்தேன்னு அவதான சொன்னா."

"நாந்தான் சிரிக்கச் சொன்னேன். பந்தியில எல்லாரையும் சொல்றதுதான். அக்கா, கேமராவ பாத்து சிரிங்கன்னு. அதுக்குத்தான் சிரிச்சாங்க."

"சாப்பிடவும் நீங்கதான் சொன்னீங்களா?"

எதையாவது கொடுத்து ஈடுகட்ட வேண்டும் என்று தவித்தேன். "நீங்க விழுந்தப்ப நெஜமா சிரிச்சது நான்தான் ஆன்டி. கேசட்டுல மேளத்துக்கு நடுவுல ஒரு ஆம்பளச் சிரிப்பு கேக்கும். அது நான்" என்றேன்.

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார். கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"நீங்க யாரோ தம்பி. நீங்க சிரிச்சா எனக்கு என்ன? ஊரே சிரிச்சுது. அவ என் கூடப் பொறந்தவ" என்றார்.

எத்தனையோ பேரை அந்த மாடி அறையில் உட்காரவைத்து, ஏன் சிரிக்கிறார்கள், எப்போது சிரிக்கிறார்கள் என்று கணக்காகக் கவனித்தவன் நான். யார் சிரித்தால் வலிக்கும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. கேசட்டில் விழுகிறவர் நமக்கு யாரோ. அதனால்தான் சிரிக்க முடிகிறது. அவருக்கும் நாம் யாரோதான். அந்தக் கேசட்டில் சொந்தம் என்று ஒரே ஒரு முகம் இருந்தது. தேடிப் பிடித்து அதை ஒட்டியது நான்.

கேசட்டை வெளியே எடுக்கச் சொன்னார். எடுத்தேன்.

"பொண்ணுகிட்ட என்ன சொல்லுவீங்க?"

"நீங்க சொல்றத சொல்றேன்."

"எனக்கு ஒடம்பு சரியில்ல, பாக்க முடியலன்னு சொல்லுங்க. இத எனக்குப் போட்டுக் காட்டல நீங்க. இன்னொரு காப்பி போடுறப்ப இந்த எடத்த வெட்டிடுங்க. தங்கச்சிகிட்டயும் ஒரு கேசட் இருக்கும், அவ பாத்துட்டு பயந்துக்கிட்டு இருப்பா, பாவம்."

பிறகு நாற்காலிக் கைகளை ஊன்றி எழுந்திருக்கத் தொடங்கினார். நான் ஓடினேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். முன்பக்கம் சாய்ந்தார், கொஞ்சம் எழும்பினார், மறுபடி உட்கார்ந்தார். இரண்டாவது முறை இடது கையை நீட்டினார். கம்பியைப் பிடித்து இழுத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, பாதி வழியில் அப்படியே தங்கி மூச்சு வாங்கினார். மாதக்கணக்காக அவர் எழுந்து நிற்பதை ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்று தவித்தவன், பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சுவரோரம் ஸ்டூலில் தொலைபேசி இருந்தது. கம்பியை ஊன்றி அங்கே போய் நம்பரை மனப்பாடமாகச் சுற்றினார். எடுத்தவர் யார் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. அந்தப் பக்கம் உடனே அழுகைச் சத்தம், எனக்கே கேட்டது. பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"நாந்தான்... சரி, அழாத. நீ சிரிச்சா என்ன, சிரிக்கலன்னா என்ன, நான் விழுந்த லட்சணத்துக்கு நானே சிரிச்சேன்... சரிடி, சிரிக்கல. நம்புறேன்."

அந்தப் பக்கத்துக் குரல் ஏதோ வேகவேகமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. பெரியம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன.

"ஆமா" என்றார், என் பக்கம் திரும்பாமல். "நீ ஒரு வாய் சாப்பிட்டிருக்க மாட்ட. எனக்குத் தெரியாதா?"